மேலே பலகை, கீழே இரும்பு

பிரைட்டன் பேலஸ் பியரில் நடப்பவர்கள் அநேகமாகக் கீழே பார்ப்பதில்லை. குனிந்து பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருக்கும். அதன் வழியே வெகு கீழே கடல் புரள்வது தெரியும். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்கும், கொந்தளிக்கும் நாளில் கீழிருந்து அடிக்கிற அலையின் அழுத்தம் கொஞ்சமாவது வெளியேறுவதற்கும் உதவுகிற இடுக்கு அது. உத்தியோக காலம் முழுக்க ஒரு துறைமுகத்தின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் என் கண் முதலில் அங்கேதான் போகும். ராட்டினமும் மீன் வறுவலும் பிறகுதான்.

கரையிலிருந்து கடலுக்குள் தூண்கள்மேல் நீட்டிய மேடையைத்தான் பியர் என்கிறார்கள். நம் பக்கம் கடற்பாலம் என்போம். துறைமுகத்தில் ஜெட்டி என்போம். நமக்கு அது சரக்கு ஏற்றி இறக்குகிற இடம். இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் அது மாலைப்பொழுதைக் கழிக்கிற இடம். பிரைட்டனில் இருப்பதன் நீளம் 525 மீட்டர். கடலுக்கு மேலே அரை கிலோமீட்டர் நடந்து போகிறார்கள், ராட்டினம் சுற்றுகிறார்கள், வறுத்த மீன் சாப்பிடுகிறார்கள், காசு போடும் எந்திரங்களில் விளையாடுகிறார்கள், போன வழியே திரும்பி வருகிறார்கள். 2016-ல் இதை ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கியபோது ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இடமாக இருந்தது. எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத இந்தப் பாலம் 1899 முதல் கடலை எதிர்த்து எப்படி நிற்கிறது? மேலே நடக்கிற விளையாட்டுதான் அதைத் தாங்கி நிற்கிறது என்பது நான் கண்ட பதில். என் பேத்தி எந்திரத்தில் போடுகிற இரண்டு பென்ஸ் காசுதான் கீழே இருக்கும் இரும்புக்குப் பெயிண்ட் ஆகிறது.

மகள் குடும்பம் கிராலியில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பிரைட்டன் வந்துவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சாலை நேராகச் சரிந்து கடலுக்கு இறங்குகிறது. கடற்கரையில் மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள், முழுக்கக் கூழாங்கல்தான். செருப்பில்லாமல் நடந்தால் பாதம் நோகும். அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் சத்தம் நம் கடற்கரையில் கேட்கவே கேட்காது. வந்தவுடனே பியருக்குள் ஓடாமல் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்கலாம்.

வாசலில் 2024 கோடையிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். தொடங்கியபோது 1 பவுண்டு. அதற்கு முன்னால் நெடுங்காலம் இலவசமாக இருந்த இடம் என்பதால் பலருக்கு மனத்தாங்கல்.

“முன்னெல்லாம் சும்மா உள்ள போயி ஒரு நடை நடந்துட்டு வருவோம் மாமா. இப்ப அதுக்கும் காசு கேக்குறாங்க” என்றார் மருமகன்.

“கீழ நிக்குற இரும்புக்கு யாராவது செலவழிக்கணும்லா மாப்ள” என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. இந்த பியர் தனியார் சொத்து. பராமரிப்புச் செலவை இங்கே வருகிற கூட்டத்திடமிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் பேலஸ் ஆஃப் ஃபன் என்கிற பெரிய கூடம். வெள்ளை வளைவுக் கூரை, அதற்குள்ளே வரிசை வரிசையாகக் காசு எந்திரங்கள். மணிச் சத்தமும் பாட்டுச் சத்தமும் கலந்து காதை அடைக்கும். அங்கே பேத்திக்கு உயிர் இரண்டு பென்ஸ் எந்திரம்தான். ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மேலும் கீழுமாக இரண்டு தட்டு. கீழ்த்தட்டு அசையாது. மேல்தட்டு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். துளையில் போட்ட செப்பு நிறக் காசு மேல்தட்டில் விழுகிறது. தட்டு பின்னால் போகும்போது பின்சுவர் அந்தக் காசைத் தடுக்க, அது தனக்கு முன்னால் கிடக்கும் காசுகளைத் தள்ளுகிறது. விளிம்பில் இருப்பவை கீழ்த்தட்டில் விழுகின்றன. தட்டு முன்னால் வரும்போது அதன் முகப்பு கீழ்த்தட்டுக் காசுகளைத் தள்ளுகிறது. அங்கே விளிம்பைத் தாண்டி விழுவதெல்லாம் நமக்கு.

விளிம்பில் பாதி அந்தரத்தில் தொங்கும் காசுகளைப் பார்த்தால் பெரியவர்களுக்கே கை துறுதுறுக்கும். தட்டு பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது போட்டால் காசு மட்டமாகப் படுத்து வேலை செய்யும். நேரம் தப்பினால் மற்றொரு காசின் முதுகில் ஏறிக்கொண்டு சும்மா கிடக்கும்.

“தாத்தா, இப்பப் போடட்டா?”

“பொறு பாப்பா, தட்டு உள்ள போகட்டும். ம்… இப்ப!”

பொலபொலவென்று காசு விழும். ஆனால் எல்லாமே நம் கிண்ணத்துக்கு வந்துவிடாது. தட்டின் இரண்டு ஓரத்திலும் பள்ளம் இருக்கிறது. பக்கவாட்டில் சரியும் காசு அதற்குள் விழுந்து எந்திரக்காரருக்குப் போய்விடும். அந்தப் பள்ளத்தில் விழுவதுதான் இந்த இடத்தின் வருமானம். இந்தச் சில்லறை எந்திரங்களில் குழந்தைகளும் விளையாட பிரிட்டனில் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. ஒரு கிண்ணம் காசு, அது தீர்ந்தால் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம். ஜெயித்ததையும் அங்கேயே போட்டுத் தீர்த்துவிட்டு அவள் சந்தோஷமாகவே வெளியே வருவாள்.

கூடத்தைத் தாண்டினால் மறுபடி திறந்தவெளி. எனக்கு இந்த பியரில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நடுவில் நீளமாகக் கண்ணாடித் தடுப்பு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். வயதான தம்பதிகள் கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் தேநீர்க் குடுவையோடு, பேசாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பாலங்களைக் கட்டியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான்: படகில் ஏறாமல், வயிற்றைப் புரட்டாமல், கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்தாற்போல் கடற்காற்று வாங்கலாம். கடற்காற்றும் கடல்நீரும் மருந்து என்று அப்போதைய வைத்தியர்கள் நம்பினார்கள். பக்கத்து ஊரான லூயிஸில் வைத்தியம் பார்த்த ரிச்சர்ட் ரஸ்ஸல் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கடல்நீரைக் குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொல்லி எழுதினார். மீன்பிடி ஊராக இருந்த பிரைட்டனுக்குப் பணக்காரர்கள் வரத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது இதே கடற்கரையில் நீராவிக் குளியலும் தேய்ப்புக் குளியலுமாக நிலையம் நடத்தி, இரண்டு ஆங்கிலேய மன்னர்களுக்கு அந்த வகையில் பணி செய்தார்.

சாப்பாட்டுக்கு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். மாவில் முக்கிப் பொரித்த காட் மீன், மேலே உப்பும் வினிகரும். என் மனைவிக்குக் காரம் இல்லாமல் இறங்கவில்லை. கைப்பையில் மிளகுப்பொடி கொண்டுவந்திருந்தாள். ஒரு எச்சரிக்கை: இங்குள்ள கடற்காகங்கள் நம் ஊர்க் கடற்காகங்களைவிட நல்ல பருமன், பயமும் கிடையாது. பின்னாலிருந்து தோளுக்கு மேலாக வந்து கையில் இருப்பதைக் கொத்திக்கொண்டு போய்விடும். சுவரையோ கண்ணாடித் தடுப்பையோ முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது.

கடைசியில், கடலின் பக்கம், ராட்டினங்கள். குதிரை ராட்டினம், மோதிக்கொள்ளும் கார், தலைகீழாகச் சுழற்றும் ரயில் எல்லாம் இருக்கின்றன. “இதுல ஏறுனா தல சுத்தும்லா” என்று சொன்ன என் மனைவிதான் குதிரை ராட்டினத்தில் முதல் ஆளாக ஏறினாள். உயரமான மரக்கோபுரத்தைச் சுற்றி வளைந்து இறங்கும் சறுக்குமரமும் உண்டு. பாயை விரித்து அதன்மேல் உட்கார்ந்து சறுக்கி வர வேண்டும். பேத்தியோடு நானும் ஏறினேன். உச்சியில் நிற்கும்போது மூன்று பக்கமும் கடல், நான்காவது பக்கம் நகரம். அங்கே நின்று மேற்கே பார்த்தால் கரையை விட்டுத் தள்ளி, கடலுக்குள் ஒரு கறுத்த இரும்புக்கூடு தனியாக நிற்பது தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கீழே இறங்குவோம். பியரின் வாசலுக்குப் பக்கத்திலேயே கடற்கரைக்குப் படி இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் கல்லில் நடந்து பாலத்தின் அடிக்கே போகலாம். மேலே இருந்த பாட்டுச் சத்தம் அங்கே கேட்காது. வரிசையாகத் தூண்கள், எங்கள் தொழிலில் பைல் என்போம். தூணையும் தூணையும் பிணைத்துக் குறுக்காகக் கம்பிகளும் சட்டங்களும். ஒவ்வொரு தூணிலும் கடல் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கோடு போட்டாற்போல் தெரியும்: அடியில் பாசியும் சிப்பியும், அதற்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு, அதற்கும் மேலே துரு.

துரு அந்த மேல்பகுதியில் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரும்பு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு, மெதுவாகத்தான் அரிக்கும். முழுக்கக் காற்றில் இருந்தாலும் ஓரளவு பிழைக்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி உப்புநீர் தெறித்து நனையும் பகுதியில்தான் உப்பும் ஈரமும் காற்றும் ஒன்றுசேர்ந்து தின்னும். நம் தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். பிரைட்டனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆறு மீட்டர் வரை போகும். அத்தனை உயரத்துக்கும் தூண் தினம் இரண்டு முறை நனைந்து இரண்டு முறை காய்கிறது. இதைப் பார்த்தபோது இங்கே வேலை செய்பவர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் சாவது தூண் அல்ல. வார்ப்பிரும்புத் தூண் தடிமனானது, பல காலம் தாங்கும். மெல்லிய குறுக்குக் கம்பிகளும் அவற்றை இணைக்கும் போல்ட்டும்தான் முதலில் போகும். அவை போனால் தூண்கள் ஒன்றுக்கொன்று துணையில்லாமல் தனித்தனியாக ஆடத் தொடங்கும். அதன் பிறகு ஒரு பெரிய புயல் போதும். அதனால்தான் துருவைச் சுத்தியலால் தட்டி எடுப்பது, சுரண்டுவது, பிரைமர் அடிப்பது, பெயிண்ட் அடிப்பது என்ற வேலைக்கு முடிவே கிடையாது. ஒரு தூணில் பெயிண்ட் உரிந்த இடத்தின் விளிம்பைக் குனிந்து பார்த்தேன். வெள்ளை, பச்சை, சாம்பல், மறுபடி வெள்ளை என்று அடுக்கு அடுக்காக இருந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் யாரோ ஒருவர் கடல் வற்றும் சில மணி நேரத்தைக் கணக்குப் பார்த்து இறங்கி வேலை செய்திருக்கிறார். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வருஷம் நிதி இல்லை என்று ஜெட்டியின் பெயிண்ட் வேலையைத் தள்ளிப் போட்டார்கள். மறுவருஷம் பெயிண்ட் செலவோடு போகவில்லை. சட்டங்களையே மாற்ற வேண்டி வந்தது.

இந்தக் கரையில் எழுந்த முதல் பியரை இரும்புச் சங்கிலியால் தொங்கவிட்டிருந்தார்கள். கடற்படையில் இருந்த கேப்டன் சாமுவேல் பிரவுன் 1823-ல் கட்டிய செயின் பியர். பிரான்சின் தியெப் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களில் பயணிகள் ஏறி இறங்கக் கட்டினார்கள். கூட்டமோ உலாவ வந்தது. டர்னரும் கான்ஸ்டபிளும் அதை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்தது, 1871-ல் சட்டம் போட்டு வங்கி விடுமுறை நாட்களைக் கொடுத்தார்கள். பணக்காரர் மட்டும் வந்த கடற்கரைக்குத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பிரிட்டனின் கடலோரம் முழுக்க இப்படி நூறு பியர் வரை எழுந்தன. இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய அறுபது. தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கும் சவுத்எண்ட் பியருக்கு நீளம் 2 கிலோமீட்டருக்கும் அதிகம். அதன்மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது.

அத்தனை வேகமாகக் கட்ட முடிந்ததற்கு ஒரு கண்டுபிடிப்பு காரணம். அயர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833-ல் திருகு பைலுக்குக் காப்புரிமை வாங்கினார். தூணின் நுனியில் அகலமான திருகு இலை. தச்சர் மரத்தில் திருகாணி இறக்குவதைப் போல் அதைக் கடலடி மண்ணில் சுற்றிச் சுற்றி இறக்கலாம். சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டாம், மணலும் சேறுமான இடத்திலும் பிடித்துக்கொள்ளும். மிட்செலுக்குக் கண் பார்வை கிடையாது. இளம் வயதிலேயே இழந்துவிட்டார். கையால் தொட்டுத் தடவி இரும்பை அறிந்த மனிதர். அவருடைய முறையை எடுத்துக்கொண்டு யூஜினியஸ் பர்ச் என்ற பொறியாளர் மார்கேட்டில் தொடங்கி வரிசையாகப் பதினான்கு பியர் கட்டினார்.

இந்தத் தொழில்நுட்பம் நம் கரைக்கும் வந்தது. துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுவரும். அந்தக் கரையில் 1861-ல் திருகு பைல்கள்மேல் ஓர் இரும்புப் பியர் எழுந்தது. கப்பல் மோதியும் புயல் அடித்தும் அது ஒன்றுக்கு மேற்பட்ட முறை உடைந்தது. புதுச்சேரியின் பழைய பியர் 1952 புயலில் விழுந்தது. கடலில் இன்னும் நிற்கும் அதன் கால்களைக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அந்த இரண்டு பியர்களின் மேலே சரக்கும் அதிகாரிகளும் போனார்கள். வேலை முடிந்ததும் அவற்றைக் கேட்பாரில்லை.

பிரைட்டனின் இரண்டாவது பியரைக் கட்டியவர் அதே பர்ச். 1866-ல் திறந்த வெஸ்ட் பியர். சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து பார்த்த அந்தக் கறுத்த கூடு அதுதான். மூன்றாவதுதான் நாம் நிற்கும் பேலஸ் பியர். ஆர். செயின்ட் ஜார்ஜ் மூர் வடிவமைத்தது. பழைய செயின் பியரை இடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1891-ல் வேலை தொடங்கியது. பணத் தட்டுப்பாட்டில் இழுத்துக்கொண்டே போனது. 1896 டிசம்பர் 4 அன்று அடித்த புயல் அந்த நிபந்தனையைத் தானே நிறைவேற்றிவிட்டது: செயின் பியர் ஒரே இரவில் நொறுங்கிப் போனது. அதன் மரங்கள் அலையில் மிதந்து வந்து, பாதி கட்டிய புதுப் பாலத்தையும் சேதப்படுத்தின. செயின் பியரின் வாசலில் இருந்த கட்டணக் கூண்டுகள் மட்டும் தப்பிப் பிழைத்து இன்று பேலஸ் பியரின் மேல் சிறு கடைகளாக இருக்கின்றன. தாண்டிப் போகும்போது நின்று பார்க்க வேண்டியவை அவை.

1899 மேயில் திறந்த பிறகும் நிம்மதி இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1940-ல், ஜெர்மன் படை வந்து இறங்கப் பயன்படக்கூடாது என்று பியரின் நடுப்பகுதியைக் கழற்றி எடுத்தார்கள். 1973-ல் பாலத்தின் கடல்முனையில் கட்டியிருந்த 70 டன் பார்ஜ் (தட்டைப்படகு) புயலில் அறுத்துக்கொண்டு, தூண்களையும் அங்கிருந்த நாடக அரங்கையும் மோதிச் சிதைத்தது. 1986-ல் அரங்கை எடுத்துவிட்டார்கள். அது நின்ற பக்கத்தில்தான் இன்று ராட்டினங்கள் சுற்றுகின்றன. நாடக அரங்கு போனதே என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு நாடகம் பார்க்க ஆசைதான். ஆனால் ராட்டினம் வந்ததால்தான் கூட்டம் தொடர்ந்து வந்தது என்று நினைக்கிறேன்.

வெஸ்ட் பியருக்கு அது வாய்க்கவில்லை. அழகில் அதுதான் மேல் என்று கட்டடக்கலை தெரிந்தவர்கள் பலரும் சொல்வார்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் அரசு அதற்கு முதல் தரமே கொடுத்தது. நடுவில் இசை அரங்கம், முனையில் பெரிய கூடம். ஆனால் போருக்குப் பிறகு வருமானம் சரிந்தது, பழுது கூடியது, 1975-ல் பூட்டினார்கள். 1983-ல் ஓர் அறக்கட்டளை 100 பவுண்டுக்கு வாங்கியது. நூறு பவுண்டு! காப்பாற்ற ஆகும் செலவோ கோடிக்கணக்கில். திட்டம், வழக்கு, எதிர்ப்பு, மறுதிட்டம் என்று வருஷங்கள் ஓடின. 2002 டிசம்பரில் ஒரு பகுதி கடலில் சரிந்தது. 2003 மார்ச்சில் தீ, மேயில் மறுபடி தீ. மிஞ்சியதுதான் அந்தக் கூடு.

பேலஸ் பியரிலிருந்து கடற்கரையோரமாக மேற்கே நடந்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். கரையில் அதன் பழைய தூண்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். கையால் தொட்டுப் பார்க்கலாம். நான் தொட்டுப் பார்த்தேன். வார்ப்பு அருமையானது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் விளிம்பு கூர்மையாக இருந்தது. இரும்பில் குறை இல்லை. அதே கடல், அதே காற்று, அதே காலத்துக் கைத்திறன். ஒன்றுக்கு மேலே கூட்டம் நின்றுபோனது, மற்றொன்றுக்கு மேலே இன்னும் காசு விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளூர்க்காரர் பலர் இந்தக் கூட்டையே அழகு என்று படம் எடுக்கிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. கவனித்திருந்தால் நின்றிருக்கும் ஒரு கட்டுமானம் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

கடலைவிட பியர்களுக்குப் பெரிய எதிரி தீ. உலர்ந்த மரப்பலகை, கீழிருந்தும் வீசும் காற்று, கரையிலிருந்து தீயணைப்பு வண்டி கடைசி வரை போக முடியாத நிலை. வெஸ்டன்-சூப்பர்-மேரில் 2008, ஹேஸ்டிங்ஸில் 2010, ஈஸ்ட்போர்னில் 2014 என்று வரிசையாக எரிந்தன. ஹேஸ்டிங்ஸ்காரர்கள் பங்கு போட்டு, நன்கொடை திரட்டி மறுபடி கட்டினார்கள். அந்தப் புதுக் கட்டுமானத்துக்கு 2017-ல் பிரிட்டனின் உயர்ந்த கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்தும், நடத்தப் போதிய வருமானம் இல்லாமல் அது தனியார் கைக்குப் போனது.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு வேறொரு காட்சி இருக்கிறது. நவம்பரிலிருந்து மாசி வரை, பொழுது சாயும் நேரத்தில் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கடல்மேல் மேகமாகத் திரண்டு சுருண்டு விரிந்து, பிறகு சட்டென்று பியரின் அடியில் இறங்கி அந்தக் குறுக்குக் கம்பிகளில் இரவைக் கழிக்கும். திருநெல்வேலிப் பக்கம் பனிக்காலத்தில் வந்து வானத்தை மறைக்குமே சூறைக்குருவி, அதன் இனம்தான். பியரின் அடியில் இருக்கும் இரும்பை மதிக்கத் தெரிந்த ஜீவன்கள்.

நேரம் இருந்தால் பக்கத்தில் இரண்டு இடம் பார்க்கலாம். பியருக்குக் கிழக்கே, கரையோரமாக, மாக்னஸ் ஃபோக் 1883-ல் தொடங்கிய மின்சார ரயில் இன்னும் ஓடுகிறது; இன்றும் ஓடும் மின்சார ரயில்களில் உலகிலேயே பழையது. ஊருக்குள்ளே ராயல் பெவிலியன் என்ற அரண்மனை, வெளியே பார்த்தால் நம் நாட்டு நவாப் மாளிகையைப் பெயர்த்து வைத்தாற்போல் குவிமாடமும் தூபியுமாக இருக்கும். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பரிலிருந்து அதுதான் ஆஸ்பத்திரி. மதத்துக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனியாக ஒன்பது சமையற்கட்டு நடத்தியிருக்கிறார்கள். பிழைக்காமல் போன இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் எழுப்பிய சத்ரி என்ற வெள்ளைச் சலவைக்கல் நினைவு மண்டபம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஒரு நடை அங்கேயும் போய்விட்டு வர வேண்டும். என் மனைவி அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினாள்.

பிரைட்டனுக்குப் போக நினைப்பவர்கள் கடல் வற்றும் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒவ்வொரு நாளுக்கும் கிடைக்கும். சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும் தவிர்த்தால் நாற்காலி கிடைக்கும். வெயில் அடித்தாலும் ஒரு மேல்சட்டை வேண்டும், கடல்முனையில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்புதான் நல்லது, நனைந்த பலகையும் கூழாங்கல்லும் வழுக்கும். நேராக மேலே ஏறிவிடாமல் கீழே இறங்கித் தூண்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு ஏறுங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போய்க் கொட்டலசு எந்த உயரத்தில் முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்று காட்டுங்கள். அப்புறம் பேலஸ் ஆஃப் ஃபன்னில் ஐந்து பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் காசு மாற்றிக்கொள்ளுங்கள். இருநூற்றைம்பது காசு வரும். மிச்சம் வைக்காமல் போட்டுவிட்டு வாருங்கள்.